விற்க மனமில்லாத ஆட்டுக்கு அச்சாரம்

அந்த யூனிட்டுகளை விற்க வேண்டுமானால் என் மனைவி சொல்ல வேண்டும். பணத்தைப் பற்றி எங்களுக்குள் இருந்த ஒரே ஒப்பந்தம் அதுதான். "நான் விக்கச் சொல்ற வரைக்கும் விக்காதீங்க," என்றாள். எப்போது சொல்வாய் என்று நான் கேட்கவில்லை. அறுபது வயதில் சொல்வாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஐம்பத்து இரண்டு வயதில், சொல்லாமலே போய்விட்டாள்.

பணம் அவளுடையது. மலாக்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் வேலை செய்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து, அரிசியில் பாதி அளவுள்ள சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது ஆளுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். செய்தி தெரிந்த வாரமே சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நகை வாங்கிப் போடு என்றார் ஒருவர். பழைய லோரி ஒன்றைப் பங்குக்கு வாங்கலாம் என்று ஒருவர் படத்தோடு வந்தார். எல்லாருக்கும் அவள் தேநீர் கொடுத்து, "பாக்கலாம்" என்றாள். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போன்ல என்னமோ பாத்துக்கிட்டே இருப்பீங்களே, அது என்னா?" என்று கேட்டாள்.

நான் சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகைக் கம்பெனியின் கருவிக் கிடங்கில் வேலை செய்கிறேன். எண்ணெய் ஆலைகளின் பராமரிப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனி. ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் நான். வேலையாட்கள் தங்கள் எண் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்து ஸ்பேனரோ கிரைண்டரோ வாங்கிப் போவார்கள். திருப்பிக் கொடுக்கும்போது வில்லையைத் திருப்பித் தருவேன். பேச வேண்டிய தேவை அதிகம் இல்லை. எனக்கு அது வசதி. ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இன்றும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஜன்னலை மூடிவிட்டு, போனில் பணத்தைப் பற்றிய ஆங்கிலப் பாடங்களைப் பார்ப்பேன். தெரியாத வார்த்தைகளைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளிடம் சொன்னேன். இது ஒரு கம்பெனியின் பங்கு இல்லை, பல நூறு கம்பெனிகளின் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் நிதி, ஒரு யூனிட் வாங்கினால் எல்லாக் கம்பெனியிலும் நமக்கு ஒரு துளி இருக்கும், அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது, வாங்கிவிட்டுப் பதினைந்து இருபது வருடம் தொடாமல் இருக்க வேண்டும் என்றேன். தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. கணக்கை என் பெயரில் திறந்தோம். முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு யூனிட் வந்தது. அன்று இரவுதான் அந்த ஒப்பந்தத்தைச் சொன்னாள். சொந்தக்காரர்கள் கேட்டால் பணம் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லச் சொன்னாள். அவளே அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னாள்.

சும்மா வைத்திருக்கும் யூனிட்டிலிருந்தும் மாதாமாதம் கொஞ்சம் காசு எடுக்கலாம் என்பதைக் கிரேன் ஓட்டும் ஒரு சீனர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கருவி வாங்க வந்து, ஜன்னலில் சாய்ந்தபடி மலாயில் பேசுவார். நூறு யூனிட் கையில் இருந்தால் ஒரு ஆப்ஷன் விற்கலாம் என்றார். எனக்கு அது புரிய மூன்று மாதம் ஆனது. அவளுக்குப் புரிய ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆனது.

"நம்ம யூனிட்ட இந்த விலைக்கு ஒரு மாசத்துக்குள்ள வாங்கிக்கிற உரிமை வேணும்னு ஒருத்தன் கேக்குறான்," என்றேன். "அந்த உரிமைக்கு முன்னாடியே கொஞ்சம் காசு குடுத்துருவான். அது பேரு பிரீமியம். விலை அவ்வளவு தூரம் ஏறலன்னா அவன் வரமாட்டான். காசு நம்மளுக்கு."

"ஏறி, வந்துட்டான்னா?"

"சொன்ன விலைக்குக் குடுத்துரணும். அதுக்கு மேல எவ்வளவு ஏறியிருந்தாலும் அவனுக்குத்தான்."

"நம்மளுக்குக் குடுக்க மனசில்லன்னா?"

"மனசெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கமா."

சிரித்தாள். "எங்கப்பா ஆட்டுக்கு அச்சாரம் வாங்குன கதைதான். இதப் படிக்கவா மூணு மாசம் ஆச்சு உங்களுக்கு?"

அவள் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மிச்ச நேரத்தில் ஆடு வளர்த்தார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே டவுனிலிருந்து ஆட்கள் வந்து ஆட்டைப் பார்த்து, விலை பேசி, அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சொன்ன நாளில் முழுப் பணத்தோடு வந்தால் ஆடு அவர்களுக்கு. வராவிட்டால் அச்சாரம் அப்பாவுக்கு. ஒரு வருடம் தாயை இழந்த ஒரு குட்டியை இவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். அதை விற்க அப்பாவுக்கும் மனமில்லை. ஆனால் ஒரு ஆள் அதுதான் வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தானாம். அவன் போய்த் தொலையட்டும் என்று அப்பா கேட்கவே கூசும் ஒரு விலையைச் சொன்னார். அவன் பத்து வெள்ளி அச்சாரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பத்து வெள்ளி சும்மா வந்தது என்று. தீபாவளிக்கு முந்தின நாள் அவன் முழுப் பணத்தோடு வந்து நின்றான். ஆபீஸில் போனஸ் போட்டுவிட்டார்களாம்.

"குடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? அச்சாரம் வாங்கியாச்சே."

அதன் பிறகு அவள் ஆட்டுக்கறி சாப்பிட்டதில்லை. எனக்கு அது தெரியும், காரணம் அன்றுதான் தெரிந்தது.

அச்சாரம் வாங்கலாம், ஆனால் விலையை நான்தான் சொல்வேன் என்றாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, போனை மேசையில் வைப்பேன். திரையில் விலைகள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும். இன்றைய விலைக்குப் பக்கத்தில் இருந்தால் பிரீமியம் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். நான் பக்கத்தில் ஒரு இடத்தில் விரலை வைப்பேன்.

"இன்னும் தள்ளி," என்பாள்.

"இதுக்கே ஏறாதுமா."

"இன்னும் தள்ளி. கிட்ட வச்சா ஆளு வந்துருவான்."

"இதுக்கு மேல போனா பிரீமியம் டீக்கும் ரொட்டி சானாய்க்கும்தான் வரும்."

"டீ குடிங்க. ரொட்டி வேணாம், உங்களுக்கு இனிப்பு நீரு வியாதி."

எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற நேரம் அதுதான். வரும் பிரீமியத்தோடு என் ஓவர்டைம் காசையும் சேர்த்து மறுபடியும் யூனிட்டே வாங்கினோம். மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு, ஆலையில் பெரிய பராமரிப்பு நடந்த மாதம் மூன்று. இரண்டு வருடத்தில் இருநூறு ஆனது. இருநூறு என்றால் இரண்டு ஆப்ஷன் விற்கலாம். அன்று அவள் கேசரி கிண்டினாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தபோது, "என்னா விசேஷம்?" என்று அவர் கேட்டார். "சும்மாதான்லா," என்றாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருநூறு ஆன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை அவள் வீட்டில் இல்லை. சுங்கை ரம்பாயில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மூன்று நாள் முன்பே உதவிக்குப் போயிருந்தாள். நான் தனியாகச் சாப்பிட்டேன், தனியாக மேசையில் போனை வைத்தேன். விலை அறுபத்து நான்கு அமெரிக்க வெள்ளியில் இருந்தது. அவள் இருந்திருந்தால் எழுபதைத் தாண்டி எங்கோ நிறுத்தியிருப்பாள். நான் அறுபத்து ஆறில் விரலை வைத்தேன். "இன்னும் தள்ளி" என்று சொல்ல யாரும் இல்லை. பிரீமியம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருந்தது. அதுவும் இரண்டு ஆப்ஷனுக்கு. முந்நூறுக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்தேன். போனதும் சொல்லலாம், கேசரி கிண்டுவாள் என்று நினைத்தேன். இருநூறு யூனிட்டுக்கும் அதே விலையில், ஐந்தாவது வாரத்து வெள்ளிக்கிழமை வரை தவணை வைத்து, இரண்டு ஆப்ஷன் விற்றேன்.

புதன்கிழமை பலகாரப் பையோடு வந்து இறங்கினாள். பையைப் பிரித்துக்கொண்டே, "போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு."

"தள்ளித்தான?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொன்னதில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு. வாயைத் திறக்காமல் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காலையில் துணி காயப் போடும்போது விழுந்தாள். தலையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் இருந்தாள். நான்காம் நாள் காலை இறந்துபோனாள். அன்று என்ன செய்தேன் என்று கேட்டால், கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது. நீல மைப் பேனா. சரியாக எழுதவில்லை. நர்ஸ் வேறு பேனா கொடுத்தார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் அவளுடைய அண்ணன்தான் நின்று நடத்தினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பெரிய குரல். எனக்கு மச்சான். அவளை எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த அன்று, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, பதினாறு நாளைக்கு இந்த வீட்ல குடுக்கல் வாங்கல் கெடையாது. எதையும் விக்கக் கூடாது, எதையும் வாங்கக் கூடாது. உப்பு வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

சரி என்றேன். அவர் சொன்னபடியே செய்தார். அரிசியும் காய்கறியும் அவர் வீட்டிலிருந்து வந்தன. எரிவாயு சிலிண்டர் கொண்டு வந்தவனுக்கு நான் காசு எடுக்கப் போனபோது, என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கொடுத்தார். அவள் தலை வைத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர். தினமும் காலையில் மச்சானின் மனைவி வந்து, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு மாற்றி வைப்பார். வாடகைக்கு எடுத்த நீல நாற்காலிகள் கூடாரத்தில் கிடந்தன. யாராவது வந்தார்கள், யாராவது போனார்கள். அவள் காயப் போட்ட துணிகளை யார் எடுத்து மடித்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அலமாரியைத் திறந்தபோது என் சட்டைகள் மடித்திருந்தன, அவள் மடிக்கிற மாதிரி இல்லை.

எட்டாம் நாள் இரவு போன் ஒரு முறை அதிர்ந்தது. நான் வைத்திருந்த எச்சரிக்கை. யூனிட்டின் விலை அறுபத்து ஆறைத் தாண்டிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். விற்ற ஆப்ஷனைத் திரும்ப வாங்கிவிட்டால் உறவு முடிந்தது. யூனிட்டை யாரும் எடுக்க முடியாது. கொஞ்சம் நஷ்டம் வரும், அவ்வளவுதான். ஒரே ஒரு பொத்தான். ஆனால் அந்தப் பொத்தானில் "வாங்கு" என்று எழுதியிருந்தது. இந்த வீட்டில் பதினாறு நாளைக்கு எதையும் வாங்கக் கூடாது.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். போய் மச்சானைக் கேட்டிருக்கலாமே என்று சொல்லலாம். என்னவென்று கேட்பது? மச்சான் கூடாரத்தில் நாலு பெரியவர்களோடு உட்கார்ந்து, தங்கை சின்ன வயதில் பண்ணிய சேட்டைகளைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய் நின்று, அமெரிக்கச் சந்தையில் விற்ற உரிமையைத் திரும்ப வாங்குவது கொடுக்கல் வாங்கலில் சேருமா என்று என்னால் கேட்க முடியாது. செத்த வீட்டில் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் போனில் பங்கு விலை பார்த்தான் என்று யாரும் சொல்லக் கூடாது. போனை அவளுடைய தையல் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கலாம். அந்தத் திரையைத் திறந்தால் அறுபத்து ஆறு என்ற எண் தெரியும். "தள்ளித்தான?" என்று கேட்டதற்கு நான் ஆட்டிய தலை தெரியும். வாங்கக் கூடாது என்ற விதி எனக்கு அப்போது வசதியாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாட்களில் எதுவும் உறைக்கவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

தவணை முடிந்த வெள்ளிக்கிழமை பதினைந்தாம் நாள். அங்கே சந்தை மூடும்போது இங்கே சனிக்கிழமை விடிந்துவிடும். சனிக்கிழமைதான் பதினாறாம் நாள் காரியம். பண்டாரம் சொல்லச் சொல்ல நான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். மந்திரத்தில் அவள் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பெயரைச் சொன்னேன். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போது தோன்றியது. படையலுக்கு அவளுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தார்கள். கேட்டரிங்காரர் ஆட்டுக்கறி கொண்டு வந்திருந்தார். "அவ ஆட்டுக்கறி தொட மாட்டாலா, எடுங்க, எடுங்க," என்று மச்சான் பதறிக்கொண்டு இலையிலிருந்து அள்ளி எடுத்தார். கோழிக்கறி வைத்தார்கள். இறால் வைத்தார்கள்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு தையல் பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். பதினைந்து சதவீதம் மின்சாரம் மிச்சமிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரிச் செய்தி. ஆப்ஷனை வாங்கியவர் உரிமையைப் பயன்படுத்திவிட்டார். இருநூறு யூனிட்டும் அறுபத்து ஆறு வெள்ளிக்கு விற்கப்பட்டன. அன்றைய விலை அறுபத்து ஒன்பதைத் தாண்டியிருந்தது. யூனிட் இருந்த இடத்தில் வெற்றுக் கோடு. கீழே ரொக்கம். பக்கத்தில் எவ்வளவு லாபம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். நிறைய லாபம்தான். அவள் வாங்கிய விலை ஐம்பதுதானே.

நான் போனை மின்சாரத்தில் மாட்டிவிட்டு, கூடாரத்துக்குப் போய் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். அறுபது நாற்காலி எடுத்ததில் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. அந்த ஒன்றை ரொம்ப நேரம் தேடினேன். பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேலைக்குத் திரும்பினேன். வில்லையை வாங்கினேன், கருவியைக் கொடுத்தேன். கிரேன் ஓட்டும் சீனர் ஜன்னலில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். ஆப்ஷன் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பணம் ரொக்கமாகவே கிடந்தது. ஒவ்வொரு நாளும் பார்த்தேன். விலை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்று வாங்கினால் இத்தனை யூனிட், நாளைக்கு அதைவிட ஒன்று குறைவு. பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஐந்து வாரம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது. குடித்தார். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ள, தங்கச்சி காசு அமெரிக்காவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுவாளே, அது என்னா ஆச்சு?" என்றார்.

"வித்துருச்சு மச்சான்."

"வித்துட்டீங்களா?"

"நான் விக்கல. அதுவா வித்துருச்சு."

"அதுவா எப்படிலா விக்கும்? மாடா அது, தானா சந்தைக்கு நடந்து போக?"

 ஆட்டு அச்சாரத்தை வைத்துச் சொன்னேன். அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே. என் வாழ்க்கையில் மச்சானிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அறுபத்து ஆறு வைத்ததையும் சொன்னேன். பதினாறு நாள் வாங்கக் கூடாது என்பதற்காகச் சும்மா இருந்ததையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அட, நான் சொன்னது அரிசி பருப்புக்கு மாப்ள. வெளிக்காசு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னது. இதுக்குப் போயி... ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

  பிறகு மெதுவாக, "அந்த ஆடு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார். "அவன் இழுத்துக்கிட்டுப் போனப்ப இவ லயத்து வீடுங்க கடைசி வரைக்கும் பின்னாடியே ஓடுனா. மறுநாளே அப்பா அந்தக் காசுல ரெண்டு குட்டி வாங்கிட்டு வந்தாரு, இவ அழுவுறான்னு. ரெண்டையும் திரும்பிக்கூடப் பாக்கல. சொன்னாளா உங்ககிட்ட?"

"இல்ல."

"சொல்லியிருக்க மாட்டா. ஒரு குட்டிக்கு ரெண்டு குட்டி, லாபந்தான? அப்பா அப்படித்தான் கேட்டாரு."

பிறகு அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். கோவிலில் அன்னதானக் கூடம் கட்டுகிறார்கள். தரைக்கு மார்பிள் போட ஆள் தேடுகிறார்கள். போடுகிறவர்கள் பெயரைச் சுவரில் எழுதுவார்கள். "தங்கச்சி பேரு வரும் மாப்ள. சாப்ட்டுப் போற ஒவ்வொருத்தனும் பாப்பான். காசுதான் கைக்கு வந்துருச்சே." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"அது விக்கிறதுக்கு இல்ல மச்சான்," என்றேன்.

"என்னது?"

"அது விக்கிறதுக்கு இல்ல."

"வித்தாச்சுங்கறீங்க. விக்கிறதுக்கு இல்லங்கறீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"திருப்பி வாங்கணும். அவ விக்கச் சொல்லல."

 அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆறிப்போன காபியை எடுத்து முழுவதும் குடித்தார், அடியில் கரையாத சர்க்கரை உட்பட. "சரி. அவளும் இப்படித்தான். ஒண்ணு சொன்னா சொன்னதுதான்," என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "மார்பிள் நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு மூட்ட அரிசி குடுங்க, போதும்," என்றார். கொடுத்தேன். அது என் சம்பளத்தில்.

மறுநாள் திங்கட்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் போனை மேசையில் வைத்தேன். விலை எழுபத்து இரண்டு. யூனிட் விற்று வந்த ரொக்கத்துக்கு நூற்று எண்பத்து மூன்று யூனிட் வந்தது. "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தினேன். அதே நிதி, அதே பெயர், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. யூனிட்டுக்கு முகம் கிடையாது. பழையது புதியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் அது ஆட்டுக்குட்டியைவிடப் பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் பதினேழு குறைவு. வாங்கிய விலை என்ற கட்டத்தில் ஐம்பதுக்குப் பதிலாக எழுபத்து இரண்டு. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பூஜ்யம்.

பதினேழையும் ஓவர்டைம் காசில் வாங்கிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒன்று. இப்போது நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது. இடையில் சந்தை விழுந்து ஒரு மாதம் எல்லாம் சிவப்பாக இருந்தது. அப்போதும் ஒன்று வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமும் இல்லை, விழுந்தது என்று பயமும் இல்லை. மச்சான் மாதம் ஒரு முறை வருகிறார். "எத்தன ஆச்சு?" என்று கேட்பார். சொல்வேன். "இன்னும் பத்தா," என்பார்.

நூறுக்கு மேல் இருப்பதால் ஒரு ஆப்ஷன் விற்கலாம். கிரேன்காரர் அண்மையில் கேட்டார், ஏன் நிறுத்திவிட்டாய் என்று. நிறுத்தவில்லை என்றேன். அது உண்மை. முதல் திங்கட்கிழமை வந்தால் சாப்பிட்டுவிட்டு அந்தப் பட்டியலைத் திறக்கிறேன். இன்றைய விலைக்குப் பக்கத்தில் விரலை வைக்கிறேன். நல்ல பிரீமியம் காட்டுகிறது. இன்னும் தள்ளி. கொஞ்சம் குறைகிறது. இன்னும் தள்ளி. டீ, ரொட்டி சானாய். இன்னும் தள்ளி. டீ மட்டும். தள்ளிக்கொண்டே போனால் பட்டியலின் கடைசியில் ஒரு விலை இருக்கிறது. அந்த விலைக்கு அச்சாரம் கொடுக்க யாரும் இல்லை, ஒரு காசு கூட. அங்கே விரலை எடுத்துவிடுகிறேன்.

பிறகு போனை மூடிவிட்டுத் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறேன். காலையில் காயப் போட நேரம் இருப்பதில்லை. அதனால் இரவே போட்டுவிடுகிறேன்.